ரத்தம் புளித்தாலும் இதயம் கலங்காத மீன்

பிரேசிலின் மனௌஸ் நகர மீன் சந்தையில் காலடி வைத்ததுமே கொத்தமல்லி வாசமும் ஆற்று மீன் வாடையும் ஒன்றாக வந்து மோதின. விடிந்து வெகுநேரம் ஆகவில்லை, அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பலகைமேல் கறுத்த கவசம் போர்த்திய மீன்கள் குவிந்து கிடந்தன. சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் வாயைத் திறந்து மூடுகின்றன, வாலை இழுக்கின்றன! குனிந்து பார்த்தால், அட, நம் ஊரில் கண்ணாடித் தொட்டிக்குள் பாசி சுரண்டுமே, அந்த டேங்க் கிளீனர்! அங்கே விரல் நீளம், இங்கே முழங்கை நீளம். இங்கே இதற்குப் பெயர் பொடோ, ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். செத்தால் சீக்கிரம் கெட்டுவிடும், உயிரோடு இருந்தால்தான் விலைபோகும் என்றார் விற்ற அம்மா. யாரோ கேட்க, ஒன்றை அரிந்தார். மொச்சைக்கொட்டை அளவு இதயம், பலகையில் தனியே கிடந்தபடி துடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு படகு. ரியோ நெக்ரோ ஆற்றின் கறுப்பு நீரும் சொலிமோயெஸ் ஆற்றின் வண்டல் நீரும் கலக்காமல் கிலோமீட்டர் கணக்கில் பக்கம் பக்கமாக ஓடும் அதிசயத்தைத் தாண்டி, வார்சியா என்னும் வெள்ளக்காட்டுக்குள் நுழைந்தோம். ஆண்டுதோறும் ஆறு சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குமாம். மூன்று மாடி உயரம்! காட்டுக்குள் இருந்த ஓர் ஏரியை மூடி மிதந்த புல்லைப் படகோட்டி துடுப்பால் விலக்கினார். குப்பென்று அழுகல் வாடை. அடியில் இலைதழை மக்கி ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது, கார்பன் டை ஆக்சைடை நிரப்பிவிடுகிறது. அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து பொடோ ஒன்று விருட்டென்று மேலே வந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போயிற்று. விழுங்கிய காற்று போவது வயிற்றுக்கு. இரைப்பைதான் அதற்கு நுரையீரல்!

ஆக்சிஜன் கிடைத்துவிட்டது. கார்பன் டை ஆக்சைடை எங்கே கொட்டுவது? சுற்றியுள்ள நீரே அதனால் நிறைந்திருந்தால், அது செவுள் வழியே திரும்ப உள்ளே வந்து ரத்தத்தை அமிலமாக்கும். பெரும்பாலான மீன்கள் செவுள் வழியே குளோரைடைக் கொடுத்து பைகார்பனேட்டைச் சேர்த்து, ரத்தத்தை மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நம் ரத்தத்தின் அமில நிலையைக் காட்டும் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நின்றாக வேண்டும். 7-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. பொடோவோ ரத்தத்தை அதன் போக்கில் புளிக்க விட்டுவிடுகிறது! 2004-இல் காலின் பிரவுனர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ரத்தம் அமிலமாகியே கிடக்க, இதயம், கல்லீரல், தசை இவற்றின் செல்களுக்குள் மட்டும் பிஎச் அசையாமல் நின்றது. செல்லுக்குள் நுழையும் அமிலத்தை அந்தந்தச் செல்லே வெளியே தள்ளிவிடுகிறது. காலையில் பலகையில் துடித்த இதயத்துக்குள் இவ்வளவு வைராக்கியமா!

இதே நீரில் வாழும் முசூம் என்ற விலாங்கு போன்ற மீனும் அப்படித்தான். அது காற்றைச் சுவாசிக்கத் தொடங்கியதும் ரத்தம் அமிலமாவதையும், இதயமும் தசையும் அதில் பாதிக்கப்படாததையும் ஆய்வாளர் நோர்பர்ட் ஹைஸ்லர் 1982-இலேயே எழுதிவிட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தது. கிளம்பலாமா என்றார் படகோட்டி. இன்னொரு பொடோ மேலே வரட்டும் என்றேன்.