காரணம்: அலுவலகப் பணி நிமித்தம்

முப்பத்தாறு வருட அரசாங்க உத்தியோகத்தில் பத்து வருடத்துக்கு மேல் நான் உட்கார்ந்திருந்தது கணக்குப் பிரிவில். வீடு கட்ட, பண்டிகைக்கு, சைக்கிள் வாங்க, மோட்டார் சைக்கிள் வாங்க என்று ஊழியர்கள் கேட்கும் முன்பணக் கோப்புகளெல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். மோட்டார் சைக்கிள் முன்பணத்துக்கான விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்று ஓர் இடம் இருந்தது. எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்: ‘அலுவலகப் பணி நிமித்தம்.’ ‘வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ள தூரம் கருதி.’ மிஷன் வீதியில் வீடும் இரண்டு தெரு தள்ளி அலுவலகமும் உள்ள ஒருவர்கூட அப்படித்தான் எழுதியிருந்தார். நான் சிரித்துக்கொண்டே குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். என் முறை வந்தபோது நானும் அதையேதான் எழுதினேன்.

‘ஆசையாக இருக்கிறது’ என்று ஒருவரும் எழுதியதில்லை. விதியில் அதற்கு இடமில்லை. ஆனால் ஆணை கைக்கு வந்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக் கடன் கிடைத்தவர் கவலையோடு போவார். மோட்டார் சைக்கிள் கடன் கிடைத்தவர் மாப்பிள்ளை மாதிரி போவார்.

இந்த ஆசை ஒரு மனிதனுக்கு எப்போது, எப்படிப் பிடிக்கிறது? இந்த வயதில் அதை யோசிக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னைப் பிடித்தது ஒரு சோலெக்ஸ். என் தாய்மாமா ‘சொல்தா’. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் புதுச்சேரியில் அதுதான் பெயர். அவர் ஓய்வு பெற்றுத் திரும்பியபோது கப்பலில் ஒரு வேலோசோலெக்ஸ் கொண்டுவந்தார். பார்த்தால் கறுப்புச் சைக்கிள்தான். முன் சக்கரத்துக்கு மேலே ஒரு சின்ன எஞ்சின், 49 சி.சி. அதன் கீழே ஓர் உருளை. பெடலை மிதித்து வேகம் வந்ததும் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் எஞ்சின் இறங்கி உட்காரும், உருளை டயரை உரசிச் சுழற்றும். எஞ்சினுக்குச் சங்கிலியும் கிடையாது, கியரும் கிடையாது. மணிக்கு முப்பது கிலோமீட்டர் போனால் பெரிது.

எனக்கு அப்போது எட்டு வயது. மாமா என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரை வீதியில் ஓட்டிப் போனார். மிதிக்காமலே வண்டி போகிறது! மாமாவின் இரண்டு கால்களும் சும்மா இருப்பதைக் குனிந்து குனிந்து பார்த்தேன். பெட்ரோலும் எண்ணெயும் கலந்து எரிகிற அந்தப் புகைவாசனை இன்றைக்கும் எங்காவது பழைய வண்டி போனால் வரும். நான் அங்கேயே நின்றுவிடுவேன்.

பள்ளியில் எங்களுக்கு எல்லாமே பிரெஞ்சு வழிதான். சைக்கிள் ஆண்பால், ‘ல வெலோ’. மோட்டார் சைக்கிள் பெண்பால், ‘லா மொத்தோ’. ‘ஏன் ஐயா?’ என்று ஒரு பையன் கேட்டான். ‘மொத்தோசிக்லெத்’ என்று முடிவதால் பெண்பால், அவ்வளவுதான் இலக்கணம் என்றார் ஆசிரியர். பெரிய பையன்கள் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லே பாரிஸில் பிறந்ததுதான். வெர்னேர் சகோதரர்கள் 1897இல் தாங்கள் செய்த வண்டிக்கு வைத்த பெயர் அது. அதிலும் எஞ்சின் முன் சக்கரத்துக்கு மேலேதான் இருந்தது. இதை நான் பல வருடம் கழித்துப் படித்தபோது மாமாவின் சோலெக்ஸ்தான் நினைவுக்கு வந்தது.

காலை நடைக்குப் பிறகு காந்தி சிலை அருகே உட்காரும் எங்கள் கூட்டத்தில் போன மாதம் இந்தக் கேள்வியைப் போட்டேன். ‘முதல் முதலா உங்களுக்கு எப்படிங்க இந்தப் பைத்தியம் பிடிச்சுது?’

மின்துறையில் இருந்த நண்பர் சொன்னது: ‘எங்க ஊரு பாகூர் பக்கம். கரண்டு போனா ரெண்டு நாள் வராது. லைன் இன்ஸ்பெக்டர் ராஜ்தூத்துல வருவாரு. வண்டி சத்தம் வாய்க்கா மேட்டுல கேக்கும்போதே பசங்க நாங்க, ஐ, கரண்டு வரப்போவுதுன்னு கத்துவோம். வெளிச்சத்துக்கு முன்னாடி அந்தச் சத்தந்தான் வரும். எனக்கு அதுலதாங்க ஆரம்பிச்சுது.’ பிறகு அவரே மின்துறையில் சேர்ந்து, அதே மாதிரி ஒரு ராஜ்தூத் வாங்கி, அதே மேட்டில் ஏறிப் போனார்.

இன்னொருவர் ‘பாபி’ படத்தைச் சொன்னார். 1973இல் வந்த இந்திப் படம். அதில் ரிஷி கபூர் ஓட்டிய குட்டி ராஜ்தூத்துக்கே பிறகு பாபி வண்டி என்று பெயர் ஆகிவிட்டது. ‘இந்தி ஒரு வார்த்தை புரியல. வண்டி மட்டும் நல்லாப் புரிஞ்சுது’ என்றார்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும் எங்களோடு வருவார். அவர் சொன்னதுதான் எல்லோரையும் பேசாமல் ஆக்கியது. ‘டி.வி.எஸ். 50 வாங்கறதுக்கு முன்னால, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டா பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிப்பேன். வீட்டுக்குப் போனா, ஏன் லேட்டுன்னு கேள்வி. என்கூட வேலை பாத்த டீச்சர் ஒருத்தி ஒருநாள் அவ மொபெட்டுல கூட்டிட்டுப் போனா. பஸ் ஸ்டாண்டைத் தாண்டினோம். அங்க நின்ன ஆம்பளைங்க எல்லாம் சின்னதாப் போனாங்க. அந்த நிமிஷந்தான் சார்.’ டி.வி.எஸ். 50 வந்தது 1980இல். அதை மோட்டார் சைக்கிள் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் சேர்த்துக்கொண்டார்.

எல்லோர் கதையையும் கேட்டபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ‘வண்டி ஓட்டினேன், பிடித்துவிட்டது’ என்று ஒருவரும் சொல்லவில்லை. கைப்பிடியைத் தொடுவதற்கு வெகு முன்பே அது பிடித்துவிடுகிறது. பின் இருக்கையில், பெட்ரோல் டாங்கின் மேல், திண்ணையில் உட்கார்ந்து காதால் கேட்டதில். முதலில் நாம் ஆசைப்படுவது வண்டியையே அல்ல, அதை ஓட்டி வருகிறவரை. அவர் எங்கிருந்தோ வருகிறார், நினைத்தபோது போகிறார், யாரையும் கேட்கவில்லை. நாமும் அப்படி ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. வண்டி அதற்குப் பிறகுதான்.

ஓட்டத் தொடங்கினால் வருவது வேறு. 1978இல் நான் வாங்கியது புல்லட், நம் திருவொற்றியூரில் செய்தது. கடன் தீரும்வரை வண்டி குடியரசுத் தலைவர் பெயரில் அடமானம். நான் வைத்திருந்த எந்தப் பொருளுக்கும் அவ்வளவு பெரிய மனிதர் சம்பந்தப்பட்டதில்லை. அந்தப் புல்லட்டைச் சும்மா உதைத்தால் அது நம்மை உதைக்கும். அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக் கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவில் வந்ததும் டீகம்ப்ரஷன் பிடியை இழுத்துப் பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, பிறகு ஒரே உதை. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 346 சி.சி.க்கு ஒரே சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. அந்த இடைவெளிதான் அதன் ‘டப் டப்’. ஜாவா, யெஸ்டி எல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கிற டூ ஸ்ட்ரோக். அதனால் அவற்றின் பாட்டு வேறு.

காரில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், கார் திரும்புகிறது. மோட்டார் சைக்கிளில் நாமே சாய்ந்துதான் திரும்ப வேண்டும். வேகத்தில் இடப்பக்கம் திரும்ப இடக் கைப்பிடியை இலேசாக முன்னால் தள்ளுகிறோம். கேட்டால் இல்லை என்போம், உடம்பு தானாகச் செய்கிறது. உடம்பும் வண்டியும் பேசிக்கொள்ளும் அந்த மொழி பழகிவிட்டால் பிறகு விடாது.

இனி அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

என் தம்பி யெஸ்டி வைத்திருந்தான். என் மகன் அந்த டாங்கின் மேல் உட்கார்ந்துதான் ஊர் பார்த்தான். 1983இல் ஒருநாள் இரவு, விழுப்புரம் சாலையில் விளக்கில்லாமல் நின்றிருந்த சுமை லாரியின் பின்னால் தம்பி மோதினான். வயது இருபத்தேழு. தலையில் அடி. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஹெல்மெட் போட்டவரை நான் பார்த்ததே குறைவு. மகனுக்கு அப்போது ஏழு வயது. அவன் அதற்குப் பிறகு இரண்டு சக்கர வண்டி எதுவும் ஓட்டியதில்லை.

யெஸ்டியைப் பழுது பார்த்துக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் நிறுத்தினோம். விற்றுவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை. உயிரோடு இருக்கும்போது அந்த வண்டியைத் திட்டாத நாள் கிடையாது. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்தாள். நான் ஆறு மாதம் சைக்கிளில் ஆபீசுக்குப் போனேன். ஒருநாள் அம்மாவே சொன்னாள்: ‘அவன் ஆசைப்பட்டதுல தப்பு இல்லடா. நின்ன லாரிக்கு ஒரு வெளக்கு இல்ல, அதான் தப்பு. நீ ஒன் வண்டிய எடு.’

‘அரேபியாவின் லாரன்ஸ்’ படம் பார்த்தவர்களுக்கு அதன் தொடக்கம் நினைவிருக்கும். மோட்டார் சைக்கிள் விபத்தில்தான் படம் ஆரம்பிக்கும். நிஜ லாரன்ஸும் 1935 மே மாதம் தன் பிரஃப் சுப்பீரியர் வண்டியில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தவிர்க்கப் போய் விழுந்தார். ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் ஒருவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. ராணுவத்தில் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்தார். தலைக்கவசம் உயிரைக் காக்கும் என்று 1941இல் எழுதினார். அந்த வருடமே பிரிட்டிஷ் ராணுவம் தன் வண்டியோட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. மோட்டார் சைக்கிளே வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். தலைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தார். என் அம்மா சொன்னதும் அதே நியாயம்தான் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது என் பேத்திக்கு இருபத்துமூன்று வயது. வேலைக்குப் போகிறாள். புல்லட் வாங்கப் போகிறேன் என்கிறாள். மகன் எனக்குப் போன் செய்தான். ‘அப்பா, நீங்க சொன்னா கேப்பா. வேணாம்னு சொல்லுங்க.’ சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அவன் எந்த இரவை நினைத்துப் பேசுகிறான் என்று எனக்குத் தெரியும்.

‘சின்ன வயசுல என் பின்னாடி உக்காந்து வந்தவ அவதானேப்பா’ என்றேன். ‘விதை அப்பவே விழுந்தாச்சு. இப்ப வேணாம்னு சொன்னா, உனக்குத் தெரியாம ஓட்டுவா. தெரிஞ்சு ஓட்டட்டும். ராத்திரியில நெடுஞ்சாலை வேணாம்னு நான் சொல்றேன், அதைக் கேப்பா.’ அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ‘ஹெல்மெட்டை நான் வாங்கித் தரேன்’ என்றான். எனக்கு அது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, தலை அளவெடுத்து, நாடாவை மாட்டி இழுத்துப் பார்த்து அப்பாவும் மகளும் ஹெல்மெட் வாங்கி வந்தார்கள். இப்போதைய புல்லட்டில் கியர் இடது காலுக்கு வந்துவிட்டது, பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகிறது, ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறது. நான் கற்ற அம்மீட்டர் வித்தை அவளுக்குத் தேவையில்லை. ஆனால் எடை இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. தெரிந்த மெக்கானிக் கடையில் ஒரு வண்டியைக் கேட்டு, சென்டர் ஸ்டாண்ட் போடவும் எடுக்கவும் பழக்கினேன். கையால் தூக்காதே, ஸ்டாண்டின் மேல் உன் எடையைப் போடு என்றேன். மூன்று முறை முடியவில்லை. நாலாவது முறை வண்டி ‘டொக்’ என்று ஏறி நின்றது. தள்ளி நின்றிருந்த மகன் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை எல்.எல்.ஆர். எடுக்கப் போகிறாள். கூட நானும் போகிறேன்.