படத்துக்குள் ஒரு முகவரி

சங்கரன்கோவில் பக்கம் ‘ஜி.பி.எஸ். போட்டோ’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தொகுப்பு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டதும் இடக்குறியோடு படமெடுப்பார்கள். நூறு நாள் வேலைத் தளங்களிலும் 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமானது. அங்கெல்லாம் இடம் பதிவாகிறது என்பது நிற்கிறவருக்கும் தெரியும், எடுக்கிறவருக்கும் தெரியும்.

என்னைத் தேடவைத்தது யாரும் கேட்காமல் பதிவாகும் இடக்குறி. வாடகைக்கு விட இருந்த வீட்டின் படங்களை, தெளிவு குறையாமல் இருக்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னார் தரகர். கணினியில் ஒரு படத்தின் விவரத்தைத் திறந்தேன்: அட்சரேகை 9.17, தீர்க்கரேகை 77.54, அதன் பின்னும் நீளும் தசமங்கள். வரைபடத்தில் போட்டால் தெருவே வந்து நின்றது. இதை முதலில் உள்ளே வைத்தது யார்?

ஏதோ செல்போன் கம்பெனியின் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். தேடினால் ஜப்பானில் போய் நின்றது. 1995இல் அந்நாட்டு மின்னணுத் துறைச் சங்கமான ஜெய்டா வெளியிட்ட ‘எக்ஸிஃப்’ என்ற தரவரையறைதான் இதன் ஊற்று. எந்தக் கம்பெனி கேமராவில் எடுத்தாலும் ஷட்டர் வேகம், ஃபிளாஷ், தேதி எல்லாம் படத்தோடு ஒரே முறையில் போகட்டும் என்பதே நோக்கம். ஃபிலிம் காலத்தில் அக்கறையுள்ள போட்டோகிராபர்கள் நோட்டில் குறித்துவைத்த சங்கதிகள். வேவு பார்க்கும் எண்ணம் எதுவும் அதில் இல்லை.

1998ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜி.பி.எஸ்.ஸுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், கேமரா பார்த்த திசைகூட. அந்த ஆண்டுதான் எனக்கு வியப்பு. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையை அமெரிக்கா அப்போது வேண்டுமென்றே மழுக்கிவைத்திருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். சங்கரநாராயணர் சன்னதிக்குள் நிற்கிறோமா, ரதவீதியில் நிற்கிறோமா என்றே சொல்ல முடியாத கணக்கு. 2000 மே மாதம்தான் அந்த மழுக்கலை நிறுத்தினார்கள். காலியாகக் கிடந்த கட்டங்களைப் பிறகு செல்போன்கள் நிரப்பின.

2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபி சிக்கியது இப்படித்தான். வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர் வாங்கியவர். பெலிஸ் போலீஸ் விசாரணைக்குத் தேடிய நேரத்தில் தலைமறைவாக இருந்தார். ‘வைஸ்’ இதழ் வெளியிட்ட, ஐபோனில் எடுத்த அவரது படத்தில் இடக்குறி அப்படியே இருந்தது. அவர் குவாத்தமாலாவில் இருப்பது அம்பலமானது. சில நாட்களில் அங்கே கைதானார்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் கழன்றுவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கழலாது. கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்தால் இனி எடுக்கும் படங்களுக்கு மட்டும்தான் பலன். பழையவற்றுக்கு ஃபில் ஹார்வி எழுதிய ‘எக்ஸிஃப்டூல்’ இருக்கிறது, காசில்லை. மொத்தத்தையும் துடைத்தால் படத்தின் நிமிர்வைச் சொல்லும் குறிப்பும் போய், வீடு பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். அதனால் ஜி.பி.எஸ். பகுதியை மட்டும் நீக்குகிறேன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தின் படங்களில் அதையும் செய்வதில்லை. எடுத்த இடம் ஊருக்கே தெரியும். வீட்டுப் படங்களில்தான் கவனம். கதவு எண்ணை வெட்டி எறிந்தாலும், சில மென்பொருள்கள் வெட்டாத பழைய சிறுபடத்தைக் கோப்புக்குள்ளேயே விட்டுவைக்கின்றன.