இரண்டாம் பேஸில் யார்?

பிட்ஸ்பர்க்கில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பென் ஹில்ஸ் பெருமாள் கோவிலைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அது அடுத்த பதிவில். இன்று பேஸ்பால். சிரிக்காதீர்கள். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 75 வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு வாசல் திண்ணைக்கு வந்துவிடுவார். மகனும் அவரும் பேசுவதெல்லாம் இந்த ஊர் அணியான பைரேட்ஸ் பற்றித்தான். போன சனிக்கிழமை ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். அணியின் வரலாறு முழுவதிலிருந்தும், களத்தில் உள்ள 9 இடங்களுக்கும் தனக்குப் பிடித்த ஒருவரைச் சொல்ல வேண்டும். சிறந்தவர் இல்லை, பிடித்தவர். இருவரும் ஒத்துக்கொண்ட பெயரை நான் நோட்டில் எழுத வேண்டும். 34 வருஷம் வருகைப் பதிவேடு எழுதிய கை. ஸ்கேல் கேட்டு வாங்கிக் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வலது பக்க எல்லைக்கு இருவரும் ஒரே மூச்சில் ரொபெர்ட்டோ கிளெமெண்டே என்றார்கள். போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர். சரியாக 3000 ஹிட் அடித்தவர். 1972 டிசம்பரில் நிகரகுவா நாட்டில் பெரிய நிலநடுக்கம். அனுப்பிய நிவாரணப் பொருள் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக டிசம்பர் 31 இரவு விமானம் ஏறினார். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய பழைய விமானம், கிளம்பிய சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. அவருடைய சிநேகிதர், கேட்சராக ஆடிய மேனி சாங்கியென், பிட்ஸ்பர்க் வீரர்கள் கூடிய இரங்கல் பூசைக்குப் போகாமல் கடலில் முங்கித் தேடிக்கொண்டிருந்தாராம். கேட்சர் இடத்துக்கு அவர் பெயரையே எழுதச் சொன்னார் பெரியவர். ஆட்டத் திறமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஷார்ட்ஸ்டாப் ஹோனஸ் வாக்னர். நூறு வருஷத்துக்கு முந்தியவர், இருவருமே பார்த்ததில்லை, ஆனாலும் மறுபேச்சில்லை. முதல் பேஸில் வில்லி ஸ்டார்ஜெல். இவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1979-ல், வயது 39, அணித் தலைவர். நன்றாக ஆடியவர்களுக்குத் தொப்பியில் தைத்துக்கொள்ளத் துணியில் செய்த தங்க நட்சத்திரம் கொடுப்பாராம். நாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்ததைக் கோடி சம்பாதிக்கிறவர்களுக்கு அவர் செய்திருக்கிறார்! அவர்களும் அதற்காகப் போட்டி போட்டிருக்கிறார்கள். அந்த வருஷம் கோப்பை இவர்களுக்குத்தான். பாரி பாண்ட்ஸ் பெயரை மகன் எடுத்ததும் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் 1992 முடிந்ததும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். அதன்பின் 20 வருஷம் தொடர்ந்து இந்த அணி வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் கண்டது. பந்து வீசுபவருக்காக அரை மணி நேரம் சண்டை. அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் பேஸில்தான் நின்றுபோனது.

பெரியவர் சொன்னது பில் மாசரோஸ்கி. 1960 அக்டோபர் 13, நியூயார்க் யாங்கீஸோடு உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். 9-9 என்று சமமாக நிற்கும்போது கடைசிச் சுற்றில் வந்து, சுவரைத் தாண்டி அடித்து முடித்து வைத்தவர். மட்டையில் அவர் சுமார்தான், தடுப்பதில்தான் கெட்டிக்காரர். பெரியவருக்கு அப்போது 10 வயது. டீச்சர் வகுப்பிலேயே ரேடியோ வைத்தாராம், பள்ளி விட்டும் யாரும் வீட்டுக்குப் போகவில்லையாம். அந்த மைதானத்தை இடித்தாயிற்று, செங்கல் சுவரில் ஒரு பகுதி மட்டும் நிற்கிறது. வருஷா வருஷம் அக்டோபர் 13 அன்று ரசிகர்கள் அங்கே கூடி, பழைய வானொலி வர்ணனையை முதலிலிருந்து போட்டுக் கேட்கிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தை!

மகன் சொன்னது நீல் வாக்கர். பெரியவர் சிரித்தேவிட்டார். நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் மாசரோஸ்கிக்குச் சிலையே இருக்கிறது. மகன் விடவில்லை. நீலின் அப்பா டாம் வாக்கரும் பேஸ்பால் வீரர். அந்த டிசம்பர் 31 அன்று கிளெமெண்டேயின் விமானத்தில் மூட்டை ஏற்றியவர்களில் ஒருவர். தானும் வருகிறேன் என்றவரை, நீ இங்கேயே இருந்து புத்தாண்டைக் கொண்டாடு என்று கிளெமெண்டே நிறுத்திவிட்டார். நீல் பிறந்தது 1985-ல். பெரியவருக்கும் இது தெரிந்த கதைதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதெல்லாம் சரி, ஆனால் உனக்கு ஏன் பிடிக்கும்?" என்றார்.

மகன் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் தமிழில் சொன்னான்.

"அம்மா போன வருஷம்ப்பா. பரீட்சை முடிஞ்சு ரூம்ல சும்மா இருந்தேன். தூக்கம் வராது. ராத்திரி ரேடியோல மேட்ச் கேப்பேன். அந்த வருஷம் 162 ஆட்டத்துல 105 தோல்வி. ஆனா மறுநாளும் வந்து நிப்பாங்க. மே கடைசில வாக்கர் டீமுக்கு வந்தான். இந்த ஊர்ப் பையன். வீட்ல அம்மா கையால சாப்டுட்டு வந்து ஆடுறான்னு நானா நெனச்சுக்குவேன். அவன் பேரு வந்தா சத்தத்தக் கூட்டி வைப்பேன்."

2010 ஏப்ரல். நான் போனில் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்ப்பா. காரியத்த நான் பாத்துக்கறேன். பரீட்சைய எழுது." அவன் மறுபேச்சுப் பேசவில்லை. என் அண்ணன் மகன் கொள்ளி வைத்தான். அடுத்த மாதம் நான் போன் செய்து கேட்டது மார்க்கைத்தான். வாத்தியார் புத்தி. அவன் எப்படித் தூங்குகிறான், யாரோடு பேசுகிறான் என்று கேட்கத் தோன்றவே இல்லை. நல்ல மார்க்தான் வாங்கியிருந்தான். ஊரெல்லாம் சொன்னேன்.

"சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். "மேட்ச் கேக்கறத என்னப்பா சொல்றது" என்றான்.

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓட்டு ஆளுக்கொன்றாக நிற்கிறது, எழுதுகிறவர்தான் நடுவர், நீங்களே முடிவு சொல்லுங்கள் என்றார்.

நீல் வாக்கர் என்று எழுதினேன். கை கொஞ்சம் கோணியது. பெரியவர் எட்டிப் பார்த்து, குடும்ப ஓட்டு செல்லாது என்று சத்தம் போட்டார். அவர் திருப்திக்குக் கீழே பென்சிலால் மாசரோஸ்கியும் எழுதியிருக்கிறேன். அக்டோபர் 13 அன்று அந்தச் சுவருக்கு என்னையும் கூட்டிப்போய்க் காட்டினால்தான் எனக்கு அறிவு வரும் என்கிறார். ஊர் திரும்ப செப்டம்பருக்கு டிக்கெட் போட்டிருந்தது. மகன் நேற்று அதை அக்டோபர் கடைசிக்கு மாற்றிவிட்டான்.