மேலே வைரம், உள்ளே சோறு

போன வாரம் பேரன் கேட்டான், "தாத்தா, கம்பெனியில நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"இரும்புக்குக் கரி ஊட்டினேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் நான் சொன்னது உண்மைதான். 1974 முதல் 2010 வரை கோவையில் கியர் செய்யும் தொழிற்சாலைகளில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில்தான் காலம் தள்ளினேன்.

பனைமரத்தை வெட்டியவர்களுக்குத் தெரியும். வெளிப்புறம் வைரம், கோடாலி திரும்பும். உள்ளே சோறு. அதனால்தான் பனை காற்றுக்கு வளைந்து கொடுக்கிறது, லேசில் முறிவதில்லை. கியர் பல்லும் அப்படித்தான் இருக்க வேண்டும். மேற்பரப்பு தேயக் கூடாது. உள்ளே அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். முழுவதும் கடினமாக இருந்தால் கண்ணாடி மாதிரி உடையும். முழுவதும் மென்மையாக இருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இதற்கென்றே உள்ள எஃகுதான் கேஸ் ஹார்டனிங் ஸ்டீல். நாங்கள் அதிகம் புழங்கியது 16 எம்.என்.சி.ஆர்.5. கார்பன் 0.16 சதவீதம் அளவுதான். மாங்கனீசும் குரோமியமும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சதவீதம். அவ்வளவு கொஞ்சம் கலப்பு எதற்கு? வெறும் இரும்பென்றால் தண்ணீரில் முக்கித்தான் கடினப்படுத்த வேண்டும். கோணும், விரிசல் விடும். இந்தக் கலப்பு இருந்தால் எண்ணெயே போதும், உட்பகுதிக்கும் நல்ல பலம் வரும்.

ஆரம்பத்தில் கரித்தூள் நிரப்பிய பெட்டிக்குள் கியரை அடுக்கி, மண் பூசி, ஃபர்னஸில் வைப்போம். பிறகு கேஸ் ஃபர்னஸ் வந்தது. 920 டிகிரியில் கார்பன் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நாலைந்து மணி நேரம். பிறகு எண்ணெய்க் குளியல், அதன்பின் 170 டிகிரியில் டெம்பரிங். மேற்பரப்பு ராக்வெல்லில் 60 காட்டும். கியர்பாக்ஸ், கிரவுன் வீல், பிஸ்டன் பின் எல்லாம் இப்படி உருவாவதுதான்.

இனி சொல்லப்போவதைப் பேரனிடம் சொல்லவில்லை.

1986. மாதக் கடைசி, சரக்கு அனுப்பியே ஆக வேண்டும். கம்பிகளின் ஒரு முனையில் ரகத்துக்கு ஒரு வர்ணம் அடித்திருப்போம். ஸ்டாண்டில் வர்ண முனை போன ஒரு துண்டுக் கம்பி கிடந்தது. அப்ரன்டிஸ் பையன், பத்தொன்பது வயது, "சார், கலர் இல்லீங்க. கிரைண்டர்ல பொறி பார்த்துறலாமுங்களா?" என்றான். "அதெல்லாம் நம்ம சரக்குதான்டா, வெட்டு" என்றேன்.

அது இ.என்.19. கார்பன் 0.4 சதவீதம். கிரைண்டரில் ஒரு விநாடி வைத்திருந்தால் பொறி கிளைகிளையாக வெடித்துக் காட்டிக் கொடுத்திருக்கும். மேற்பரப்புச் சோதனையில் 60 வந்தது, பாஸ் ஆகிப் போய்விட்டது. இரண்டு மாதத்தில் பல் உடைந்த கியர்கள் திரும்பி வந்தன. அறுத்துப் பார்த்தால் உட்பகுதியும் 54. சோறு இருக்க வேண்டிய இடத்திலும் வைரம்.

விசாரணையில் வெட்டிய கார்டில் அவன் பெயர் இருந்தது. மேனேஜர் கேட்டபோது பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் வீட்டுக்குப் போனான். "இனி பொறி பார்க்காமல் எந்தக் கம்பியும் வெட்டக் கூடாது, வர்ண முனையைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும்" என்று நான் எழுதி மாட்டிய விதிக்கு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

ஓய்வு பெற்ற மறு வருடம் விசாரித்துத் தேடிப் போனேன். மூன்று லேத் போட்டுச் சொந்தப் பட்டறை நடத்துகிறார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "தம்பி, அன்னைக்குத் தப்பு என்னோடது" என்றேன். இத்தனை வருடம் தொண்டையில் நின்ற நான்கு சொல்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கோபமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேனுங்க சார். ரொம்ப வருசம் இருந்துச்சு. எங்கப்பா நான் திருடிட்டேன்னு நினைச்சுக்கிட்டே செத்துப் போனாரு" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து, "மறுபடி வாங்க சார்" என்றார். இரண்டு முறை போயிருக்கிறேன்.

நண்பர்களே, நம் வயதில் எல்லோருக்கும் இப்படி ஒரு முகவரி இருக்கும். அந்த அப்பா இருந்தபோதே நான் போயிருக்க வேண்டும். நீங்கள் தள்ளிப் போடாதீர்கள்.