பொத்தேரிப் புழுதியில் ஒரு பந்தயம்

தாம்பரத்திற்குத் தெற்கே, கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் இடையே உள்ள பொத்தேரி இன்று மாணவர் நகரமாகிவிட்டது. மின்சார ரயிலிலிருந்து இறங்குவோரில் பெரும்பாலோர் தோளில் பை தொங்கும் இளைஞரே. என் அக்காள் மகனும் அவர்களுள் ஒருவனாகச் சென்ற ஆண்டு என் இல்லம் வந்து சேர்ந்தான். தந்தையை இழந்து ஓராண்டு நிறையாத பிள்ளை. கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அத்தகையவன் ஒருநாள் தானாகவே வாய் திறந்து, "மாமா, ரேடியோ கார் ஒன்று வாங்கலாமா?" என்றான். பாதிப் பணத்தை அவன் சேர்த்தால் மீதியை நான் தருவதாகச் சொன்னேன். அண்டைவீட்டுச் சிறுவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து மூன்று மாதங்களில் சேர்த்துவிட்டான். "படிக்கப் போன பிள்ளைக்குப் பொம்மைக் கார் எதற்கடா?" என்று அக்காள் தொலைபேசியில் என்னைத்தான் கடிந்துகொண்டாள்.

வெறும் பொம்மை என்று சொல்வதற்கில்லை. 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் சிறு படகொன்றை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். 1976-இல் ஜப்பானின் தமியா நிறுவனம் போர்ஷே 934 காரின் சிற்றுருவை ரேடியோ விசையுடன் வெளியிட்டது. அக்காலக் கருவிகளில் இருவர் ஒரே அலைவரிசையைப் பொருத்திவிட்டால், ஒருவர் கைவிசைக்கு மற்றவர் காரும் திரும்பும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் அத்தொல்லை இல்லை.

புதிதாகத் தொடங்குவோர் மூலக்காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, மின்சாரத்தால் ஓடும் காரை வாங்குவதே நலம். எரிபொருள் எஞ்சின் காரின் ஓசை இளைஞரை மயக்கும். ஆனால் அதைச் சீர்செய்வதிலேயே பாதி நாள் கழிந்துவிடும். (அண்டை வீட்டாரின் பொறுமைக்கும் எல்லை உண்டன்றோ!) லித்தியம் பாலிமர் மின்கலம் மட்டும் விளையாட்டன்று. ஓர் அறை 4.2 வோல்ட்டைத் தாண்டவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. தாண்டினால் தீப்பற்றவும் கூடும். எங்கள் வீட்டில் அது வெறும் சிமெண்டுத் தரையில், ஒருவர் அருகிலிருக்கவே மின்னேற்றப்படும். இரவில் ஒருபோதும் இல்லை.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் காலி மனையொன்றில் பயிற்சி. கார் நம்மைவிட்டு அகலும்போது யாவும் எளிது. நம்மை நோக்கித் திரும்பி வரும்போதுதான் இடம் வலமாகிறது, வலம் இடமாகிறது. முதல் நாளே காரை முட்செடியில் ஏற்றினான். கைவிசையைப் பார்க்காமல், தானே அச்சிறு காருக்குள் அமர்ந்திருப்பதாக எண்ணி ஓட்டவேண்டும் என்று மூத்த மாணவர் ஒருவர் கற்பித்தார். அது பழக ஆறு வாரங்கள் ஆயின. வேகமன்று, வளைவுக்கு முன்பே விசையைத் தளர்த்துவதுதான் கலை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பின்னர், சுண்ணாம்புக் கோடு போட்டு ஐந்து நிமிடப் பந்தயம் வைத்தார்கள். ஐந்தாம் சுற்றில் கவிழ்ந்து இவன் கடைசியானான். உலகெங்கும் இப்பந்தயங்களில் ஒரு வழக்கம் உண்டு: ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்தில் வளைவுதோறும் நின்று, பிறர் கார் கவிழ்ந்தால் ஓடிச்சென்று நிமிர்த்தவேண்டும். தோற்ற முகத்தோடு இவனும் போய் நின்றான். இவனுடைய காரை இடித்துக் கவிழ்த்த மாணவனின் தம்பிதான் அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தான். அவன் கார் சரியாக இவன் காலடியில் கவிழ்ந்தது. ஒரு கணம் இவன் அசையவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குனிந்து, நிமிர்த்தி, ஓடும் திசைநோக்கி வைத்தான். அன்று இரவு உணவின்போது முக்கால் மணிநேரம் அந்தப் பந்தயத்தைப் பற்றியே பேசினான். இடையில், "அப்பா இருந்திருந்தால் இந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்திருப்பார்" என்றான். அது எஞ்சினன்று, மோட்டார் என்று நான் திருத்தவில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு அக்காள் வந்திருந்தாள். கடிந்தவளே கைவிசையைக் கேட்டு வாங்கினாள். கார் அவளை நோக்கி வந்ததும் இடத்திற்கு வலமாகத் திருப்பி மதிற்சுவரில் மோதினாள். "அம்மா, நீ காருக்குள்ளே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்" என்று அவன் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை முறிந்துவிட்டது. புதிது வாங்க, விடுமுறை முடிவதற்குள் தாயும் மகனும் ரிச்சித் தெருவுக்குப் போவதாக இருக்கிறார்கள்.