வில்லாளிக்குக் கவசம் எதற்கு?

யுத்தம் என்பது மிகவும் செலவு பிடித்த காரியம். அந்தச் செலவிலும் முன்வரிசைக்காரனுக்கு ஒரு நியாயம், பின்வரிசைக்காரனுக்கு வேறொரு நியாயம். குதிரை மேல் ஏறி வருகிற பிரபுவுக்குத் தலை முதல் கால் வரை இரும்பு. பின்னால் நின்று வில்லை வளைக்கிறவனுக்கோ அரையில் கட்டிய துணி! "அவன்தான் தூரத்தில் நிற்கிறானே, அவனுக்கு என்ன ஆபத்து?" என்று ஒரு சமாதானம் வேறு.

இந்தச் சமாதானம் பழைய மகாராஜாக்களோடு போய்விடவில்லை. மில்லர்புரத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வாயிலிருந்து சமீபத்தில் அதைக் கேட்டேன். அவன் என் தங்கையின் பேரன். விடுமுறை நாட்களில் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கம்ப்யூட்டரும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்ற யுத்த விளையாட்டும் போதும். அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999-ல் வெளிவந்தது. அதாவது பையனைவிட மூத்தது. 2022-ல் அதில் திராவிடர்களையும் ஒரு கட்சியாகச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே நம் பையன் இப்போது தென்னாட்டுச் சேனாதிபதி!

அந்த விளையாட்டில் ஒரு கொல்லன் பட்டறை உண்டு. அங்கே வில்லாளிகளுக்கென்று தனியாக மூன்று தரக் கவசங்கள் கிடைக்கும். முதலாவது பஞ்சு வைத்துத் தைத்த சட்டை. விலை 100 பங்கு தானியம். அடுத்தது தோல் கவசம். 150 தானியம், 150 பொன். மூன்றாவது இரும்பு வளையங்கள் கோத்தது. 250 தானியம், 250 பொன். சாதாரண வில்லாளிக்கு உயிர் 30 புள்ளி. எதிரி வில்லாளியின் அம்பு ஒன்றுக்கு 4 போகும். வெறும் உடம்போடு நின்றால் எட்டாவது அம்பில் விழுவான். பஞ்சுச் சட்டை போட்டிருந்தால் அம்புக்கு 3 புள்ளிதான் போகும். பத்தாவது அம்பு வரை தாங்குவான்.

இரண்டு அம்பு தாமதம். யுத்தத்தில் அது சாமானியமா? ஆனால் நம் சேனாதிபதி கவசம் வாங்குவதாக இல்லை. காரணம் கேட்டேன்.

"அவன் தூரத்துல நின்னுல்லா அடிக்கான் தாத்தா! அவனுக்கு எதுக்குக் கவசம்?"

"எதிரியும் தூரத்தில் நின்று அடித்தால்?"

"செத்தா வேற ஆள் எடுத்துக்கிடலாம். ஒரு ஆளுக்கு நாப்பத்தஞ்சு பொன்னுதான். தோல் கவசத்துக்கு ஆகுத நூத்தம்பது பொன்னுல மூணு பேர் வந்துருவாங்க."

பையனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது. ஆனால் ஒருமுறை வாங்கிய கவசம் இருக்கிற வில்லாளிகளுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். முப்பது பேர் இருந்தால் தலைக்கு ஐந்து பொன்தானே ஆகும்? இதைச் சொன்னதும் அவன் யோசித்தான். 'வேறு ஆள்' என்ற வார்த்தைதான் என் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

வில்லாளியின் சங்கடமே தனி. வாள் பிடித்தவனுக்கு இன்னொரு கை மிச்சம், கேடயத்தைப் பிடித்துக்கொள்ளலாம். வில்லாளிக்கு இரண்டு கையும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கையைக் கனமாக மூடினால் நாண் இழுக்க வராது. அதனால்தான் அந்தக் காலத்தில் விரற்புட்டில் என்று விரலுக்கு மட்டும் ஓர் உறை போட்டுக்கொண்டார்கள். பாரதத்தில், பதினான்காம் நாள் யுத்தத்தில், துரோணர் மந்திரம் சொல்லித் துரியோதனனுக்கு ஒரு கவசம் கட்டி அனுப்புகிறார். அர்ஜுனனின் அம்புகளெல்லாம் அதன்மேல் பட்டு வீணாகின்றன. கடைசியில் அவன் எங்கே குறி வைக்கிறான்? மூடாமல் கிடந்த கைகளில்! உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் அம்பு தைத்ததும், கவசம் போட்ட மகாராஜா துடித்துப் போகிறான்.

மந்திரக் கவசம் என்றால் நம் முத்துக்குளித்துறைக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே இங்கே கடல்கட்டிகள் இருந்தார்கள். அப்படி மந்திரம் போடுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். சுறா மந்திரத்துக்குக் கட்டுப்பட்டதோ இல்லையோ, முழுகுகிறவனின் பயம் கட்டுப்பட்டது. அவன் பயத்துக்கும் ஒரு செலவு செய்ய வேண்டும் என்று அந்த வியாபாரிகளுக்காவது தோன்றியிருக்கிறதே!

1346-ல் பிரான்ஸ் தேசத்து ராஜாவுக்கு அது தோன்றவில்லை. கிரெஸி யுத்தத்தில் ஜெனோவா நகரத்து வில்லாளிகளை அவர் முன்னால் அனுப்பினார். ஆளுயரப் பலகைக் கேடயத்தை ஊன்றி, அதன் மறைவில் நின்று எய்வது அவர்கள் வழக்கம். அன்று அந்தக் கேடயங்களெல்லாம் பின்னால் வந்த சாமான் வண்டிகளில் கிடந்தன. இங்கிலீஷ்காரர்களின் அம்பு மழையில் அவர்கள் சிதறி ஓடிவந்தபோது, சொந்தக் கட்சிக் குதிரை வீரர்களே அவர்களை மிதித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பிரபுக்களுக்கும் 'வேறு ஆள்' கிடைக்கும் என்ற தைரியம்தான்!

நம் சங்கப் புலவர்கள் இந்த விஷயத்தில் மேலானவர்கள். பதிற்றுப்பத்தில் சேர மன்னனை வீரர்களுக்கு 'மெய்ம்மறை' என்கிறார்கள். மெய்ம்மறை என்றால் கவசம். விற்கொடி பிடித்த வம்சம் அது. தன் ஆட்களுக்குக் கவசம் வாங்கித் தருவதோடு ராஜாவின் கடமை தீரவில்லை. அவனே கவசமாக நிற்க வேண்டும்!

இதையெல்லாம் தெரிந்துகொள்ள மில்லர்புரத்திலிருந்து வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஒட்டப்பிடாரம் பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது. 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டுக் கோட்டையையும் கும்பினியார் இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, சில நாட்களில் அதை மறுபடி எழுப்பிவிட்டான். ஈட்டியும் துப்பாக்கியும் பிடித்து நின்ற அந்த ஜனங்களுக்கு உடம்பில் ஏது இரும்பு? மண் சுவர்தான் கவசம். பீரங்கிக் குண்டுக்குத் தப்ப, கோட்டைக்குள்ளே பூமியில் குழி பறித்து வாழ்ந்தார்கள். மார்ச் 31-ல் கும்பினிப் படை மோதித் தோற்றது. மே 24-ல் கோட்டை விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றை, அந்த யுத்தத்தில் கும்பினிக்காக நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் வெளியிட்ட தம் புத்தகத்தில் சொல்கிறார். விழுந்து கிடந்தவர்களிடையே ஒரு தாய் தன் மகனைத் தேடி வந்தாள். உயிர் போகும் நிலையில் கிடந்த மகன், "என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று" என்றான். சாமி என்றால் ஊமைத்துரை. அவள் அவனைத் தூக்கிச் சென்று கிராமத்தில் கிடத்தினாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தபோது, பெண்கள் ஒரு துணியால் அவனை மூடி, அம்மை கண்டவன் என்று சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள்.

அந்த நவம்பரில் ஊமைத்துரையையும் கொன்றுவிட்டார்கள். ஆனாலும் ஆறு மாதம் அந்தத் துணி தாங்கியது. அதற்கு விலையாக ஒரு தாய், சாகக் கிடந்த தன் மகனை விட்டு எழுந்து போனாள். அவளுக்கு 'வேறு ஆள்' கிடையாது.