கருவாடும் முகநூலும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சா/த, உ/த படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை விட்ட பிறகு ஒரு மாணவன் தயங்கித் தயங்கி வந்தான். பதினாறு வயது. தகப்பன் மயிலிட்டித் துறைமுகத்தில் தொழில் செய்கிறவர்.

"சேர், நான் முகநூலில கருவாடு விக்கிறன். வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் கொழும்பில இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பச் சொல்லிக் கேக்கினம். காசு போட உங்கட வங்கிக் கணக்கைக் குடுப்பீங்களோ?"

உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. இதே வியாபாரத்தை, இதே பொருளை வைத்துச் செய்து விழுந்தவன் நான்.

2009. எனக்கு வயது பத்தொன்பது. புத்தளத்தில் இருந்தோம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பம் எங்களுடையது. உ/த எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த நேரம். இன்டர்நெட் கஃபேயில் இருந்து கற்பிட்டிக் கருவாட்டின் படங்களை முகநூலில் போட்டேன். இரண்டு கிழமையில் பதினான்கு ஓடர். முற்பணம் முழுதும் நானாவின் கணக்குக்கு வந்தது. முதலாளி ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை. விலை குறைவென்று அரைகுறையாகக் காய்ந்த கட்டாவை வாங்கினேன். ஈரக் கருவாடு நிறை காட்டும். காய வைத்தபோது பத்துக் கிலோ எட்டரையாகக் குறைந்தது. நான் விலை போட்டதோ வாங்கிய நிறைக்கு. அங்கேயே நட்டம். அதற்குள் வந்த காசில் ஒரு போனும் வாங்கியிருந்தேன். எது முதல், எது இலாபம், எது அடுத்தவர் காசு என்று ஒரு கொப்பியில்கூட எழுதவில்லை. மிச்சத்தைக் காயும்வரை பொறுக்காமல் பொலித்தீனில் கட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது பூஞ்சணம்.

அழைப்புகள் வரத் தொடங்கின. நான் போனை நிறுத்தி வைத்தேன். நான் செய்ததிலேயே பெரிய பிழை அதுதான்.

விஷயம் வாப்பாவுக்குத் தெரிந்தது. உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. வாப்பா என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், வீடு வீடாக ஏறி என் கையாலேயே காசைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். ஒரு வயதான அம்மா சொன்னார்: "மழையெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காத்திருந்திருப்பன் தம்பி."

முற்பணம் என்பது அமானிதம். பொருள் போய்ச் சேரும்வரை அது நம் காசு இல்லை. ஆசிரியர் கலாசாலையில் கற்காத பாடம் அது.

மாணவனுக்கு என் கணக்கைக் கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. பெங்களூர் சுஹாஸ் கோபிநாத்தின் கதையைச் சொன்னேன். 2000ஆம் ஆண்டளவில், பதினான்கு வயதில் இணையத் தொழில் தொடங்கியவர். கஃபேயில் செலவழிக்கக் காசு இல்லை. கடைக்காரர் மதியம் கடை பூட்டுகிற நேரத்தில் தான் திறந்து பார்த்துக்கொள்வதாகவும், கூலிக்குப் பதிலாக இணையத்தைப் பாவிக்க விடும்படியும் கேட்டுக்கொண்டார். பதினெட்டு நிரம்பாததால் இந்தியாவில் கம்பனி பதிய முடியாமல் அமெரிக்காவில் பதிந்தார். அவ்வளவு கெட்டிக்காரனுக்கும் சட்டப்படி ஒரு பெயர் தேவைப்பட்டது.

நம் நாட்டிலும் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பராய வயது பதினெட்டு. அடுத்தவர் கணக்கில் காசு வந்தால், பிழை நடக்கும்போது பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். என் நானா அதை அனுபவித்தார்.

அடுத்த நாள் அவனுடைய அம்மாவைச் சந்தித்தேன். பெரியவர் ஒருவர் பொறுப்பில்லாமல் இது நடக்கக்கூடாது என்றேன். தெல்லிப்பழை பிரதேச செயலகத்தில் தன் பெயரில் வியாபாரப் பெயர் பதிய ஒத்துக்கொண்டார். கணக்கும் அவர் பெயரில். ஒரு கொப்பியில் மூன்று கோடு: முதல், செலவு, இலாபம். பாடசாலை நாளில் பொதி கட்டுவதில்லை, சனி ஞாயிறு மட்டும்.

அவர் என்னிடம் ஒன்று கேட்டார்: "இவன் படிப்பை விட்டிடுவானோ சேர்?" மாட்டான் என்று என்னால் உறுதி கொடுக்க முடியவில்லை. மாதம் ஒருமுறை கொப்பியையும் மாதிரிப் பரீட்சைப் புள்ளியையும் சேர்த்துப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன்.

1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். இருபத்தேழு வருடம் கடலை இழந்திருந்த ஊர். அங்கே ஒரு பிள்ளை தகப்பனின் மீனை உலகத்துக்கு விற்க நினைப்பதைப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. அவன் பெயர் கெட்டால் அடுத்தவனுக்கும் ஓடர் வராது.

நேற்று அவனுடைய பக்கத்தைப் பார்த்தேன். புதிதாக ஒரு வரி போட்டிருந்தான்:

"மழை பெய்யுது. கருவாடு இன்னும் காயேல்லை. காய்ஞ்ச பிறகுதான் அனுப்புவம். காசும் அப்ப போட்டால் போதும்."